தலைவியின் கட்டைவிரல்

கூவல்பட்டி பேரூராட்சிக்குத் தலைவி விருமாயி. தலைவர் தங்கமாயன். இதில் உங்களுக்குக் குழப்பம் வந்தால், நீங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று அர்த்தம். பெண்களுக்கென்று ஒதுக்கிய பதவிக்குப் பெண்டாட்டியை நிறுத்தி, ஜெயித்த மறுநாளே அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்கிற வழக்கம் அங்கே அறுபது எழுபது வருஷமாக இருக்கிறது. மனிதன் செவ்வாயில் கால்வைத்துத் திரும்பிவந்த பிறகும் அது மட்டும் மாறவில்லை. ஊரார் விருமாயியைத் 'தலைவரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். தலைவருடைய பெண்டாட்டி என்கிற மரியாதை.

அந்த விருமாயி இப்போது மூச்சுமண்டபத்தின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பகல் ஒரு மணி. வெளிச்சமோ பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. மூன்று நாளாக மலை எரிகிறது. தெருவெல்லாம் காகங்கள் செத்து விழுந்து கிடந்தன. காலையில் இரண்டு பேருந்து நிறைய ஜனங்கள் தப்பிப் போனார்கள். அதற்குப்பின் பாதையின் இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டது. மிச்சம் எண்ணூறு பேர் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தார்கள்.

எரிவது பழைய காடாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. காற்றில் இருக்கும் கரியை இழுத்து மரத்துக்குள்ளேயே பூட்டிவைக்கும் என்று சொல்லி, சோதனைக்கூடத்தில் உண்டாக்கிய மரம். கரிமரம் என்று பெயர். நிற்கிறவரைக்கும் நல்ல மரம்தான். எரிந்தால் அதன் சாம்பல், அரைத்த கண்ணாடி. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைக் கீறிவிடும். மலையைக் குத்தகைக்கு எடுத்து அதை நட்டவன் தங்கமாயன். அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், காடு துப்புரவாக இருக்கட்டும் என்று சருகைக் கொளுத்தச் சொன்னவனும் அவனேதான்.

"காலையிலேருந்து பதினாலு பேர் செத்தாச்சு மேடம்," என்றாள் டாக்டர் ரெஜினா. ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரே டாக்டர். விருமாயியை மேடம் என்று கூப்பிடுகிற ஒரே ஆளும் அவள்தான். அவளுடைய வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் முழுக்க மற்றவர்கள் இருமிய ரத்தம். "நாலு மணிக்குக் காத்து திரும்பும். மலைமேல நிக்கிற அத்தனை புகையும் ஊருக்குள்ள இறங்கும். இந்த மண்டபத்துக்குள்ள சுத்தமான காத்து இருக்கு, ஆக்சிஜன் இருக்கு. நீங்க அவசரநிலை அறிவிச்சாத்தான் கதவு திறக்கும். ஹெலிகாப்டரும் அப்பத்தான் கிளம்பும். சீக்கிரம்."

சட்டம் அப்படி. முன்பு ஒரு பேரழிவில் மேலிடத்துக் கையெழுத்துக்குக் காத்திருந்தே இரண்டாயிரம் பேர் செத்தார்கள். அதன்பிறகு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவிக்கிற அதிகாரத்தை உள்ளூர்த் தலைவரிடமே கொடுத்துவிட்டார்கள். வேறு யாராலும் முடியாது. மண்டபத்துக் கதவையும் அந்த அறிவிப்பு வந்தால்தான் திறக்கும்படி பூட்டிவைத்தார்கள், இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள் என்று. தங்கமாயன் அதற்கும் ஒருதரம் முயன்று பார்த்தவன்தான்.

கதவுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு கண்ணாடிப் பலகை இருந்தது. விருமாயி வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். பலகை ஒரு நொடி யோசித்தது.

'உயிர்முத்திரை காணப்படவில்லை' என்றது.

"சேலையில துடைச்சிட்டு வைங்க மேடம். சாம்பல் ஒட்டியிருக்கும்."

விருமாயி துடைக்கவில்லை. இதைத்தான் அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, அது எங்கிட்ட இல்ல."

"எது இல்ல?"

"முத்திரை. அவருகிட்ட இருக்கு. அவரு கட்டைவிரல்ல."

மூன்று வருஷத்துக்கு முன்னால், பதவியேற்ற மறுநாள், முத்திரை வைக்கிற ஆள் வீட்டுக்கு வந்தான். அரிசிமணி அளவுக்கு ஒரு பொருளைக் கட்டைவிரல் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்க வேண்டும். விருமாயி அடுப்படியில் அவனுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் தங்கமாயன் கையை நீட்டிவிட்டான். "எல்லாக் கையெழுத்தும் நாந்தான போடுறேன், இத மட்டும் அவ விரல்ல வச்சு என்னத்துக்கு? தோசை சுடையில வெந்து போயிரும்யா." கூடமே சிரித்தது. வந்தவனும் சிரித்துக்கொண்டே தைத்துவிட்டு, பதிவேட்டில் விருமாயி பெயரையே எழுதிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான். விருமாயி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே பேசியிருக்கலாம்.

ரெஜினா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மாவட்டத்துக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிருவமா?" என்று கேட்டாள் விருமாயி.

"சொல்லவே சொல்லாதீங்க. தலைவர் ஒருத்தர், முத்திரை இன்னொருத்தர்னு தெரிஞ்ச நிமிஷம் முத்திரையை முடக்கிடுவாங்க. புதுசு கொண்டுவந்து வைக்க மூணு நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு தெரிஞ்சாலும் அதே கதைதான். அறிவிப்பு செல்லாது, கதவு மூடிக்கும், வந்த ஹெலிகாப்டர் திரும்பிப் போயிடும். முதல்ல அவரைக் கூப்பிடுங்க."

மூன்றாவது தடவை அடித்தபோது தங்கமாயன் எடுத்தான்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? மண்டபத்தத் திறக்கணும், வாங்க."

"கூறுகெட்டவளே, அறிவிச்சா அடுத்த நிமிஷமே எதுனால தீப்புடிச்சதுன்னு விசாரணை தன்னால ஓடும். நேரா என் தலையிலதான் வந்து விடியும். நான் பாலத்துக்கிட்ட நிக்கிறேன். தீ கொஞ்சம் தணிஞ்சா ஜீப்ப விட்டுருவேன். யாருகிட்டயும் சொல்லாத."

"ஊரு சாகுதுங்க."

"நாலு பேரு இருமுனா ஊரு செத்துருமா?"

போன் அவள் கையில் இல்லை. தண்ணீர் லாரி ஓட்டுகிற சீனிச்சாமி, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், அதைப் பிடுங்கித் தன் காதில் வைத்திருந்தான். காலையில் அவன் பெண்டாட்டி லாரியின் முன் இருக்கையிலேயே ரத்தம் கக்கிச் செத்துப்போனாள். அவளை இறக்கிப் படுக்கவைக்க இடமில்லாமல் இன்னும் லாரியிலேயே வைத்திருந்தான். கடைசி வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, போனை மெதுவாக விருமாயியிடம் திருப்பிக் கொடுத்தான்.

"பாலத்துக்கிட்டயாம்," என்றான் கூட்டத்தைப் பார்த்து. இருக்கைக்கு அடியிலிருந்து அரிவாளை உருவினான். பத்துப் பன்னிரண்டு பேர் லாரியில் தாவி ஏறினார்கள்.

"தம்பி, வேணாம்! அடிச்சுக் கிடிச்சுப் போடாதீக!" என்று விருமாயி கத்திக்கொண்டே ஓடினாள். லாரி கிளப்பிய சாம்பல்தான் அவள் வாயில் விழுந்தது.

அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். தங்கமாயனை லாரியின் பின்பக்கத்துக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை கிழிந்து தொங்கியது. ஜீப் கண்ணாடிச் சில்லுகள் கன்னத்தில் குத்தி நின்றன. ஒரு கண் மூடிப்போயிருந்தது. கூட்டம் பிளந்து வழிவிட்டது. வழிவிட்ட ஒவ்வொருவரும் ஒரு அடி கொடுத்துத்தான் விட்டார்கள். நேற்றுவரை அவன் காலில் விழுந்து வீட்டுவரி பெயர்மாற்றம் கேட்டவர்கள். ஒரு கிழவர் ஊன்றுகோலால் அவன் முழங்காலில் போட்டார். பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தி, அந்தப் பிள்ளை இருமிக்கொண்டிருக்கும்போதே, செருப்பைக் கழற்றி அவன் வாயில் அடித்தாள்.

உண்மையைச் சொன்னால், விருமாயிக்கு அடி விழ விழ உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. பதினெட்டு வருஷத்து வாழ்க்கையில் அவனை அடிக்கத் தோன்றிய நாட்கள் எத்தனையோ. அந்தக் குளிர்ச்சி அவளையே பயமுறுத்தியது.

சீனிச்சாமி அவன் மணிக்கட்டை முறுக்கிக் கட்டைவிரலைப் பலகையில் அழுத்தினான். பலகை சிவந்தது. 'அச்சுறுத்தல். ஏற்கப்படவில்லை.'

"ஒழுங்கா வைடா!" வயிற்றில் ஒரு உதை. மறுபடி அழுத்தினார்கள். மறுபடி சிவப்பு. யாரோ இரும்புக் கம்பியால் அவன் விலாவில் போட்டார்கள். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் விருமாயிக்கே கேட்டது. மூன்றாவது தடவையும் சிவப்பு.

"நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!" ரெஜினா தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறித்தாள். "மிரட்டிக் கையெழுத்து வாங்கிடக் கூடாதுன்னுதான் இதைக் கண்டுபிடிச்சதே! நாடியைப் பாக்கும், வேர்வையைப் பாக்கும், ரத்தத்துல இருக்கிற பயத்தைப் பாக்கும். பயந்தவன் விரல் செல்லாது. இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதுலயும் சிவப்பு வந்தா பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பூட்டிக்கும்."

"அப்ப பயப்படாத விரலாக் கொண்டாறேன்," என்றான் சீனிச்சாமி. தங்கமாயனின் கையைப் பக்கத்தில் நின்ற லாரியின் படிமேல் வைத்து அரிவாளை ஓங்கினான். "வெட்டி எடுத்தா விரலுக்குப் பயம் இருக்காதுல்ல?"

"செத்த விரலும் செல்லாது! உயிர்முத்திரைன்னு பேரே அதுக்குத்தான்!"

யார் கேட்டார்கள்? அரிவாள் இறங்கியது. விருமாயி குறுக்கே கையை விட்டாள். உள்ளங்கையில் குறுக்காகப் பிளந்து ரத்தம் கொட்டியது. சீனிச்சாமி அப்படியே நின்றுவிட்டான்.

"மதினி..."

"எல்லாரும் இருபது அடி தள்ளிப் போங்க," என்றாள் விருமாயி. அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "ஒரு தடவைதான் இருக்குன்னு டாக்டரம்மா சொல்லுது. அந்த ஒரு தடவைய எங்கிட்ட விடுங்க."

கூட்டம் முனகியது. ஆனால் நகர்ந்தது. அவள் பேச்சுக்கு அந்த ஊர் நகர்ந்தது அதுதான் முதல் தடவை. அதை யோசித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

தூணில் அவனைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். பலகையில் அவன் நாடியைக் காட்டும் கோடு ஒன்று சிவப்பாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்தாலே அது முத்திரையைப் படித்துவிடும். ரெஜினா அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, விருமாயியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "விலா எலும்பு நுரையீரல்ல குத்தியிருக்கு. வலிக்கு ஊசி போட்டாக்கூட அந்தப் பலகை கண்டுபிடிச்சு மறுத்துடும். கோடு பச்சைக்கு வந்த பிறகுதான் விரலை வைக்கணும். எப்படி வரவைப்பீங்களோ, உங்க பாடு."

விருமாயி சொம்புத் தண்ணீரில் சேலை முந்தானையை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள். கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"கொன்னுருவாய்ங்க, விருமாயி."

"மாட்டாக. நான் இருக்கேன்ல."

கோடு துள்ளியது. நம்பவில்லை. அவள் இருக்கிறாள் என்று நம்பி அவன் எந்தக் காலத்தில் எதைச் செய்தான்?

"வீட்டுக்குப் போயிருவம். இதத் தொட்டுட்டா போயிரலாம்." கோடு இன்னும் உயரத் துள்ளியது. "கேசு வந்தா வரட்டும். நாந்தான் கொளுத்தச் சொன்னேன்னு நான் சொல்லிக்கிறேன். என்னைப் புடிச்சிட்டுப் போகட்டும்." இதற்குக் கொஞ்சம் இறங்கியது. சிவப்பு மட்டும் போகவில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பின்னால் யாரோ இருமி, இருமி, இருமல் நின்றது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் ஓலம் எழுந்தது.

விருமாயிக்கு அப்போது ஒன்று புத்தியில் பட்டது. இந்த மனுஷன் பயப்படாமல் இருந்த நேரம் எது? வீட்டில் அவன் அதட்டுவான், கத்துவான். அதெல்லாம் பயந்தவன் போடுகிற கூச்சல். மேடையில் ஏறினால்தான் அவன் முகத்தில் ஒரு சாந்தம் வரும். பதவியேற்ற நாளில் பார்த்திருக்கிறாள். பதவி அவளுக்கு. மாலையெல்லாம் அவனுக்கு விழுந்தது. அப்போது அவன் பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தான்.

அவள் எழுந்து நின்றாள். மூன்று வருஷமாக எந்த வார்த்தையைக் கேட்டால் அடிவயிறு எரியுமோ அந்த வார்த்தையை, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, வாய்விட்டுச் சொன்னாள்.

"தலைவரே!"

தங்கமாயன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"தலைவரே, ஊரே நிக்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லணும்னு எண்ணூறு பேரு காத்துக்கிட்டு நிக்கிறாக. எனக்கு என்ன தெரியும்? நான் அடுப்படியில கிடந்தவ. நீங்க சொன்னாத்தான் கதவு திறக்கும், நீங்க சொன்னாத்தான் மேல இருந்து ஆளு வரும்." திரும்பி சீனிச்சாமியைப் பார்த்தாள். "தம்பி, தலைவரு தோள்ல துண்டு இல்ல. ஒரு துண்டு குடு."

சீனிச்சாமியிடம் இருந்தது அவன் பெண்டாட்டியின் முகத்தை மூடியிருந்த துண்டு ஒன்றுதான். போய் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான்.

விருமாயி அதை மடித்து அவன் தோளில் போட்டாள். கிழிந்த சட்டையின் மேல்பொத்தானைப் பூட்டினாள். தங்கமாயன் முதுகை நிமிர்த்த முயன்றான். வாயில் வந்த ரத்தத்தை விழுங்கினான்.

"மைக்கு இருக்கா?" என்று கேட்டான்.

"பலகையில இருக்குங்க. பேசுனா எல்லா ஊருக்கும் கேக்கும்."

கோடு மெல்ல மெல்லப் படுத்தது. சிவப்பு மஞ்சளானது. எண்ணூறு பேரும் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்கள். வெறுப்பில் வெந்துகொண்டிருந்த அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. மஞ்சள் பச்சையானது.

"இப்ப வைங்க," என்று ரெஜினா மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவனே கையைத் தூக்கி வைத்தான். பலகை கேட்டது: 'தலைவரின் பெயரைச் சொல்லவும்.'

"தங்..." என்று தொடங்கிவிட்டான். விருமாயி அவன் முழங்காலை அழுத்தினாள். கோடு ஒருதரம் எகிறியது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் அங்கே நிற்பதை அன்றைக்குத்தான் கண்டவன் மாதிரி பார்த்தான்.

"விருமாயி," என்றான்.

'அறிவிப்பைச் சொல்லவும்.'

"கூவல்பட்டி பேரூராட்சியில... பொதுச் சுகாதார அவசரநிலைன்னு... அறிவிக்கிறேன்."

கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று குளிர்ந்து, வாசனையே இல்லாமல் இருந்தது. ஜனங்கள் பாய்ந்தார்கள். அதிலும் நெரிசல், மிதி, கூச்சல். கிழவரின் ஊன்றுகோல் ஒடிந்தது. யாருடைய பிள்ளையையோ யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீனிச்சாமியும் இன்னொருவனும் தங்கமாயனைத் தூக்கிவந்து உள்ளே சுவரோரமாகக் கிடத்தினார்கள். கதவு மூடியது. நாலு மணிக்குக் காற்று திரும்பியபோது மண்டபத்தின் சின்ன ஜன்னலுக்கு வெளியே எதுவுமே தெரியவில்லை.

நாலே கால் மணிக்குத் தங்கமாயன் செத்துப்போனான். விருமாயியின் வெட்டுப்பட்ட கையை இறுகப் பிடித்திருந்தான், பிடி தளர்ந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் நிறைய வந்தது.

அந்த நேரத்தில் மண்டபத்து ஒலிபெருக்கி தானாகப் பேசியது. முத்திரையின் நாடி நின்றதும் பேசுவதற்கென்றே பதிந்துவைத்த குரல்.

"கூவல்பட்டி பேரூராட்சித் தலைவி திருமதி விருமாயி, பணியின்போது உயிர்நீத்தார். அவர் செய்த அறிவிப்பு தொடர்ந்து நடப்பில் இருக்கும்."

எண்ணூறு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. விருமாயி புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தான் செத்த செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுவர்த் தொலைபேசி அடித்தது. ரெஜினா எடுத்துக் கேட்டாள். வெளுத்துப்போன முகத்தோடு அதை விருமாயியிடம் நீட்டினாள். "கட்டுப்பாட்டு அறை. தலைவியோட உறவுக்காரங்ககிட்டப் பேசணுமாம்."

"வணக்கம்மா," என்றது ஒரு பெண்குரல். களைத்த குரல். "மன்னிக்கணும், இந்த நேரத்துல கேக்கறேன். முத்திரை நின்னா யாராவது ஒருத்தர் வாயால உறுதிப்படுத்தணும். சந்தேகம்னா நாங்க அறிவிப்பை நிறுத்தி வைக்கணும், அதான் விதி. இறந்தது தலைவி விருமாயிதானா?"

விருமாயி மண்டபத்தைப் பார்த்தாள். ஆக்சிஜன் குழாயை வாயில் வைத்திருந்த குழந்தைகள். செருப்பால் அடித்தவளின் தோளில் தூங்கிவிட்ட பிள்ளை. சுவரில் சாய்ந்து, ரத்தம் காய்ந்த கைகளோடு சீனிச்சாமி.

"ஆமா," என்றாள். "விருமாயிதான். செத்துட்டா."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"வேண்டியவதான்."

"அவங்க வீட்டுக்காரர் தங்கமாயன் மேல தீ சம்பந்தமா விசாரணை பதிவாயிருக்கு. அவர் அங்க இருக்காரா?"

"மத்தியானம் ஜீப்புல பாலத்துப் பக்கம் போனாரு."

"சரிம்மா. புகை கொஞ்சம் விலகுனதும் ஹெலிகாப்டர் இறங்கும். தலைவியோட உடலை முதல்ல ஏத்தச் சொல்லியிருக்காங்க, அரசு மரியாதை உண்டு. நல்ல தலைவி. இந்த மாதிரி ஒருத்தரை நாங்க பாத்ததில்லை."

விருமாயி தொலைபேசியை வைத்தாள். சீனிச்சாமி எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான்.

"மதினி, இப்ப என்ன செய்யிறது?"

விருமாயி கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி, புருஷனின் கையில் ஏற்றிப் பார்த்தாள். அந்த முரட்டு மணிக்கட்டுக்கு அவை ஏறவில்லை. அழுத்தியதில் ஒவ்வொன்றாக உடைந்து தரையில் விழுந்தன. புருஷன் செத்தவளுக்கு எப்படியும் உடைக்கிற வளையல்தான். கடைசியாக, வாய் திறந்த செப்புக் காப்பைக் கழற்றி, விரித்து, அவன் மணிக்கட்டில் மாட்டி நெரித்துவிட்டாள். உள்ளங்கைக் காயத்திலிருந்து வழிந்த ரத்தம் சாம்பலோடு சேர்ந்து அவன் கையெல்லாம் அப்பியது. இனி அது ஆண்கையா பெண்கையா என்று யாரும் சொல்ல முடியாது.

"எம் மாத்துச்சேலை அந்தப் பையில இருக்கு. எடுத்து நல்லாச் சுத்துங்க," என்றாள். "மொகம் தெரியக் கூடாது. கட்டைவிரல் மட்டும் வெளிய இருக்கட்டும்."